ஆணியில் இல்லாத விளக்கு

ராஜபாளையத்தில் நான் இன்ஜின் டிரைவராக இருந்த ஜின் பேக்டரியில் ஒரு பூட்டு இருந்தது. ஒரு பலகையும் இருந்தது. இரண்டும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்துபோன பிறகு வாங்கியவை. ஆட்கள் இயந்திரத்தில் மாட்டிச் சாகாமல் இருப்பதற்கு என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிவிட்டார். அந்த இரண்டும் என்ன ஆயின என்பதைச் சொன்னால்தான், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பிட்டர் எதற்காக ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்பது விளங்கும்.

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிப்பதுதான் பேக்டரியின் வேலை. மேலே ஒரு மேடை. அதில் வரிசையாக ஜின்கள். ஒவ்வொரு ஜின்னுக்கும் எதிரே ஒரு பெண்பிள்ளை நின்று பருத்தியை உருளையில் கொடுத்துக்கொண்டிருப்பாள். மேடைக்குக் கீழே, தரையைத் தோண்டி, ஆள் நின்று நடக்கும் ஆழத்தில் சந்து மாதிரி ஒரு குழி. அதன் நெடுகிலும் இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதை ஷாப்ட் என்போம். என் இன்ஜினிலிருந்து ஒரு பெரிய தோல் பெல்ட் போய் அந்த ஷாப்ட்டைச் சுற்றும். ஷாப்ட்டிலிருந்து சின்னச் சின்ன பெல்ட்டுகள் மேலே போய் ஜின்களைச் சுற்றும். ஆகவே நான் இன்ஜினைக் கிளப்பினால் குழிக்குள் இருக்கும் எல்லாமே ஒரே நேரத்தில் சுழலும். இன்ஜின் அறையில் நிற்கிற எனக்குக் குழி தெரியாது. குழிக்குள் நிற்கிறவருக்கு என்னைத் தெரியாது.

எண்ணெய் விடவும் ஷாப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளைப் பார்க்கவும் பெல்ட் மாட்டவும் யாராவது குழிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியவர் உள்ளே இருக்கும்போது யாரும் இன்ஜினைக் கிளப்பிவிடக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி குழிக்கதவுக்கு வாங்கிய பூட்டு நல்ல கனமான பித்தளைப் பூட்டு. நல்ல பூட்டைக் கண்டால் யாருக்கும் அதைக் காலிக் குழிக்குப் போட மனசு வராது. பருத்தி விதையைக் கொட்டிவைக்கும் கிட்டங்கியின் கதவு அப்போது நோஞ்சான் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளைப் பூட்டு இரண்டே நாளில் அங்கே போய்விட்டது. பலகையில் ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்று இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது. ஆள் வேலை செய்யும்போது மட்டும் மாட்ட வேண்டிய பலகை. ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கழற்றினால் தொலைந்துபோகும் என்று முதலாளி அதை இன்ஜின் அறைச் சுவரில் ஆணி அடித்து நிரந்தரமாகப் பதித்துவிட்டார். நான் தினமும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் இன்ஜினைக் கிளப்பினேன். கொஞ்ச நாளில் அதன்மேல் சட்டையை மாட்ட ஆரம்பித்தேன்.

பிட்டர் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். சீசன் இல்லாத நாட்களில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வருவோம். அவர் முன்பு வேலை பார்த்த வேறொரு ஊர் பேக்டரியில், குழிக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒருவரை ஷாப்ட் வேட்டியோடு சுருட்டிவிட்டது. மேலே இன்ஜினைக் கிளப்பியவருக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. மிச்சத்தை எடுத்து வெளியே கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதையும் பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் பேக்டரிக்கு வந்ததும் பூட்டையும் பலகையையும் பார்த்தார். யாரிடமும் எதற்கும் எதிர்த்துச் சொல்லுகிற சுபாவம் அவருக்கு இல்லை. மறுநாளிலிருந்து குழிக்குள் இறங்கும்போதெல்லாம் என் அறைக்கு வந்து ஆணியில் தொங்கும் ஊதுவிளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

எங்களுடையது குரூட் ஆயில் இன்ஜின். அதன் தலையை ஊதுவிளக்கால் சூடாக்கிச் சிவக்க வைத்து, பிறகு இரண்டு பேர் பிளைவீல் என்கிற பெரிய சக்கரத்தைப் பிடித்து வீசினால்தான் பற்றும். விளக்கு இல்லாவிட்டால் எந்தக் கொம்பனாலும் அதைக் கிளப்ப முடியாது. பேக்டரியில் இருந்தது ஒரே ஒரு ஊதுவிளக்கு. அது அவர் பக்கத்தில் குழிக்குள் இருக்கிறவரை அவர் உயிருக்குப் பயமில்லை. ஆணியில் விளக்கு இல்லையென்றால் குழியில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் முதல் வேலையாக அதை ஆணியில் கொண்டுவந்து மாட்டிவிட்டுத்தான் கை கழுவுவார்.

பட்டப்பகலில் எரியாத விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் மேடைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? “ஏட்டி, பிட்டரய்யா வீட்டம்மாகூட இம்புட்டு ஒட்டிக்கிட்டுத் திரிய மாட்டா” என்று ஒருத்தி சொல்வாள். மேடை பூராவும் சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே போவார். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும். அவசரத்துக்கு இன்ஜினைக் கிளப்பலாம் என்று போனால் ஆணி காலியாக இருக்கும். அவர் மேலே வருகிறவரை நான் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆயுதபூஜை புரட்டாசி ஐப்பசியில் வரும். அப்போது பருத்தி சீசன் முடிந்து பேக்டரி படுத்திருக்கும். ஜின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, இன்ஜின் அறை வாசலில் வாழைக்கன்று கட்டி, பிளைவீலுக்கு மாலை போடுவார்கள். எங்கள் பேக்டரியில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. தீபாராதனை ஆனதும் பஞ்சாங்கத்தில் குறித்த நல்ல நேரத்துக்குள் இன்ஜினை ஓட்ட வேண்டும். முதலாளியின் மனைவி மேடையேறி முதல் ஜின்னில் ஒரு கை பருத்தி கொடுப்பார். பஞ்சு சுத்தமாக வந்து விழுந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம்.

பிட்டர் பூஜை நாட்களில் காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் நான் சொல்கிற வருஷம் பூஜைக்கு முந்தின நாள் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது, ஷாப்ட்டின் கடைசி பேரிங் சூடேறிக் கத்தியது. பூஜையன்று அது கத்தினால் முதலாளி வீட்டில் முகம் சுருங்கிவிடும். மறுநாள் காலை வந்து சரிசெய்துவிட்டுப் போகிறேன் என்று பிட்டர் ஒத்துக்கொண்டார். சொன்னபடி வந்தார். ஆணியிலிருந்து விளக்கை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனதை நான் பார்த்தேன். அதன் பிறகு நான் குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நல்ல மழை. தகரக் கூரையில் மழை இரைந்தது. முதலாளியின் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பேக்டரி முழுக்கத் தெலுங்காக இருந்தது. ஆணியில் விளக்கு இல்லை.

முதலாளியிடம் போய், “பிட்டர் இன்னும் ஏறல போல, விளக்கு ஆணியில இல்ல” என்றேன்.

“அவரு அப்பவே கெளம்பியிருப்பாரு. பூசைன்னா நிக்க மாட்டாரே. விளக்கை மறந்து எங்கயாவது வச்சிருப்பாரு” என்றார் அவர்.

“மறக்க மாட்டாரு, முதலாளி.”

குழியில் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். குளித்துத் திருநீறு பூசி வந்தவன் கிரீஸில் இறங்குவதா என்று முதலாளி தடுத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, குழியில் ஆள் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் அப்படியே பக்கத்து பேக்டரிக்குப் போய் அவர்கள் விளக்கை வாங்கி வா என்று அனுப்பினார்.

வாட்ச்மேன் தேவதானத்துக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் குழிப்படியில் நின்று போட்ட சத்தம் மழையையும் மீறி எனக்குக் கேட்டது. “பிட்டரய்யா, முதலாளி கூப்பிடுதாக, வாங்க.” இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. “உள்ள ஆளு இல்ல, இருட்டாக் கெடக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினார்.

பக்கத்து பேக்டரிக்காரர்கள் தங்கமானவர்கள். அவர்கள் வீட்டிலும் அன்று பூஜைதான். கேட்டவுடன் விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மனிதர் தன் உயிருக்குப் போட்டிருந்த பூட்டு அதோடு போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. எல்லோரும் ஒத்தாசைதான் செய்தார்கள்.

விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு காலி ஆணியைப் பார்த்தேன். உள்ளே ஆள் இருந்தால் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லியிருப்பார். ஆள் வெளியே போயிருந்தால் விளக்கு ஆணியில் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை.

“முதலாளி, செத்த நேரம் பொறுங்க. நான் ஒருக்க எறங்கிப் பாத்துட்டு வந்துருதேன்” என்றேன்.

“பாத்தாச்சே. நேரம் போயிரும். கானீ, கானீ” என்றார். ஆகட்டும், ஆகட்டும் என்று அர்த்தம். முதலாளி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் சிரித்த முகமாகத்தான் சொன்னார். தோளில் தட்டிவிட்டும் போனார்.

நான் விளக்கைப் பற்றவைத்து இன்ஜின் தலைக்கு நேரே வைத்தேன். பற்றவைத்த விளக்கை விட்டுவிட்டு டிரைவர் நகரக் கூடாது. அது நானே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்த சட்டம். தலை மெதுவாகக் கறுப்பிலிருந்து பழுப்புக்கு வந்தது. கடைசி பேரிங் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சுரண்டுவதற்கு மூடியைக் கழற்றிவிட்டு ஷாப்ட்டின்மேல் காலைப் போட்டுத்தான் உட்கார வேண்டும். வேறு இடம் கிடையாது. அவர் அப்படி உட்கார்ந்திருந்தால், நான் பிளைவீலை வீசிய நிமிஷத்தில் அவர் வேட்டி முதலில் போகும். எனக்குப் பயமாக இருந்தது. அவர்மேல் கோபமும் வந்தது. உள்ளே இருந்தால் வாயைத் திறந்து ‘இருக்கேன்’ என்று சொன்னால் என்ன?

கூடத்தில் மணி அடித்தார்கள். எல்லோரும் சாமி படத்தின் பக்கம் திரும்பினார்கள். இன்ஜின் அறையில் நான் மட்டும் இருந்தேன். தோல் பெல்ட் மழைக்காலத்தில் தொய்ந்து போயிருக்கும். நெம்புகட்டையை எடுத்து, இன்ஜினின் புல்லிச் சக்கரத்திலிருந்து பெல்ட்டின் விளிம்பை நெம்பினேன். வழக்கமாக இரண்டு பேர் செய்கிற வேலை. கையில் தோல் உரிந்தது. பெல்ட் ஒரு பக்கமாகச் சரிந்து பொத்தென்று தரையில் விழுந்தது. வாழைக்கன்று ஒன்றை இழுத்து அதன்மேல் சாய்த்து வைத்தேன்.

தீபாராதனைத் தட்டு வந்தது. முதலாளி பிளைவீலுக்குக் காட்டினார். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலாளியின் மனைவி பருத்தியோடு மேடையேறினார். நானும் வாட்ச்மேனும் சக்கரத்தைப் பிடித்து வீசினோம். இன்ஜின் பற்றிக்கொண்டது. தும் தும் என்று ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் கும்பிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது அவர்களுக்கு. மேலேயிருந்து அந்த அம்மாளின் குரல் தெலுங்கில் வந்தது. ஜின் சுற்றவில்லை. அவர் கொடுத்த பருத்தி உருளைமேல் அப்படியே கிடந்தது.

முதலாளி மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாழைக்கன்றை விலக்கித் தரையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார்.

“என்ன இது?” என்றார்.

“மழைக்குத் தொய்ஞ்சு போச்சு, முதலாளி. நழுவிருச்சு” என்றேன்.

பூஜையன்று பெல்ட் நழுவுவது நல்ல சகுனமா என்ன? சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். முதலாளியின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. முந்தின நாளே பெல்ட்டைப் பார்த்து வைப்பதற்கு என்ன கேடு என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் வாங்கியது அது ஒன்றுதான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அப்போதுதான் பிட்டர் வந்தார். ஒரு கையில் எங்கள் விளக்கு. மறு கையில் சுரண்டுகிற அரம். இடுப்பிலிருந்து கால்வரை கிரீஸ். முகம் செத்த முகமாக இருந்தது. வாசலில் நின்று ஓடுகிற இன்ஜினைப் பார்த்தார். அதன் தலைக்கு எதிரே இருந்த சந்தனப் பொட்டு வைத்த விளக்கைப் பார்த்தார். தன் கையில் இருந்ததையும் பார்த்துக்கொண்டார்.

நான் இன்ஜினை நிறுத்தினேன்.

“உள்ளயா இருந்தீரு?” என்றார் முதலாளி. “கூப்பிட்டாகளே, கேக்கலையா?”

“மழையில காது கேக்கல, முதலாளி” என்றார் பிட்டர்.

முதலாளி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பட்டுச் சட்டையில் கிரீஸ் ஒட்டியது. அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. அவர் மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்தார். நழுவின பெல்ட்டுக்குத்தான் முதலில் கும்பிடு போட்டார். தெய்வம்தான் கழற்றிவிட்டது என்று சொல்லி அழுதார். பிறகு சுண்டல் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிட்டரின் கையில் வைத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நல்ல நேரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பிட்டர் பேரிங் மூடியை முடுக்கிவிட்டு வந்தார். பெல்ட்டை மாட்டச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. கைத்தோல் உரிந்திருந்தது. பிட்டர்தான் வாட்ச்மேனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி மாட்டினார். புல்லிக்குப் பக்கத்தில் கிடந்த நெம்புகட்டையை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார். ஜின் சுற்றியது. பஞ்சு சுத்தமாகவே விழுந்தது.

முதலாளி அந்த வருஷம் தன்னால் ஆனதைச் செய்தார். ஐப்பசி முடிவதற்குள் புது பெல்ட் வந்து இறங்கியது. பிட்டரைக் காது வைத்தியத்துக்கு மதுரைக்கு அனுப்பிவைத்தார். பித்தளைப் பூட்டு விதைக் கிட்டங்கியிலேயே இருந்தது. அதைப்பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

பூஜையன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினோம். செண்பகத்தோப்புப் பக்கம் மலையை மேகம் மூடியிருந்தது. பிட்டர் மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“நீரு சாப்பிடும். நாங்க படைச்சதத் திங்கக் கூடாது” என்றார்.

“காது கேக்கலைன்னு சொன்னீரே. வாட்ச்மேன் சத்தம் தென்காசி வரைக்கும் கேக்குமே” என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். சத்தம் நன்றாகக் கேட்டதாம். முதலாளி கூப்பிடுகிறார் என்றதும், பூஜைக்குக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். எத்தனையோ வருஷமாக விடிந்ததும் பஸ் ஏறுவதே அதற்குத்தானாம். அந்த அம்மாள் தன் கையால் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, வாங்கிவிட்டுச் சபைக்கு எப்படிப் போவது என்று பதில் சொல்லாமல் இருந்துவிட்டாராம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வெளிச்சத்துக்குக் கூட வைத்திருந்த அரிக்கேன் விளக்கின் திரியையும் தணித்துவிட்டாராம். இன்ஜின் விளக்குத்தான் பக்கத்தில் இருக்கிறதே, என்ன ஆகப்போகிறது என்று தைரியமாக ஷாப்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தாராம்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கைச் சுண்டலுக்கா? அவர் வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். சுருட்டின மிச்சத்தை அள்ளி எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைக்க வேண்டியவன் நான்தான்.

“வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவே? அவிய என்ன அடிக்கவா போறாக? செத்திருப்பீரே” என்றேன். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிட்டர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெம்புகட்டை உரித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“முதலாளி ஓட்டச் சொன்னப்போ, மாட்டேன்னு ஒரு வார்த்தை நீரு சொன்னீரா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.